தர்மாஸ்பத்திரி மேல் வழக்கு

அத்தியாயம் பதினெட்டு

ஹரிகிருஷ்ணனைப் போன வாரம் டாக்டர் அறையில் வாயடைத்து நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று வாசகிகள் பலருக்கு என் மேல் கோபம். நியாயமான கோபம்தான். எனக்கும் அவனை அப்படி விட்டுவர மனமில்லை. பக்கம் தீர்ந்துபோனால் நான் என்ன செய்ய?

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. பசுவந்தனைக்குத் தெற்கே கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது கொம்பையாபுரம். ஆடு மாடு வைத்துக்கொண்டு, மழையை நம்பி உளுந்தும் கம்பும் விதைக்கிற குடும்பம் செண்பகராஜுடையது. மூத்த மகன் ஹரிகிருஷ்ணன். அவன் மனைவி ஆவுடைத்தாய். இளையவன் மாதவனுக்குக் கோவில்பட்டியில் நூல் மில் வேலை. மாதவன் மனைவி தீபலட்சுமி அந்த ஊருக்கே நர்ஸ். தடுப்பூசி, பிரசவம், சத்து மாத்திரை எல்லாம் அவள் பொறுப்பு.

ஆவுடைக்கு இரண்டாவது பிரசவத்தில் உயிர் போய்த் திரும்பியது. இனி அந்த உடம்பில் கத்தி வைக்க வேண்டாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். "அப்போ என்னைப் பண்ணுங்க" என்று பங்குனி மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்த ஆண்கள் கருத்தடை முகாமில் ஹரி போய்ப் படுத்துவிட்டான். அந்த ஊரில் அதற்குத் துணிந்த முதல் ஆண்பிள்ளை அவன்தான். காயடித்த கிடா என்று ஊரே சிரித்தது. அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். பெண்டாட்டி பிழைத்துக் கிடந்தால் போதும் அவனுக்கு.

ஆடி மாதம் ஆவுடைக்கு வாந்தி வந்தது. இது ஐப்பசி. வயிறு ஆறு மாதம். ஊர் இப்போது சத்தமாகச் சிரிப்பதில்லை. அவள் குழாயடிக்கு வந்தால் பேச்சை நிறுத்துகிறது.

போன வாரம் கோவில்பட்டியில் டாக்டர் பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: "உயிரணு ஒண்ணுகூட இல்லை. ஆபரேஷன் நல்லாத்தான் பண்ணியிருக்காங்க." ஹரிக்குக் காலடியில் தரை நழுவியது அப்போதுதான். மனைவி மேல் சந்தேகம் வந்து அல்ல. இதை ஊர் கேட்டால் என்ன சொல்லும் என்ற பயம்.

டாக்டர் பேச்சை முடிக்கவில்லை. நான்தான் அங்கே 'தொடரும்' போட்டுவிட்டேன். அவர் மேலும் சொன்னது இது: "கரு எப்போ தங்கிச்சு? சித்திரையிலா? ஆபரேஷன் ஆகி ஒரு மாசம்தான இருக்கும்? தொட்டி வாயை அடைச்சிட்டாலும் குழாயில நிக்குற தண்ணி வடியணும்லய்யா. மூணு மாசம் கவனமா இருங்க, அப்புறம் வந்து டெஸ்ட் பண்ணுங்கன்னு உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை.

அந்த ஒரு வார்த்தையை யாரும் சொல்லாததால்தான் ஆவுடைத்தாய் இன்று ஊர் வாயில் விழுந்து கிடக்கிறாள். ஹரி ஒரு முடிவோடு வீட்டுக்கு வந்தான். வழக்குப் போடப்போகிறான்.

*

"தர்மாஸ்பத்திரி மேல கேஸா!"

செண்பகராஜ் கையில் இருந்த கஞ்சிச் செம்பை அப்படியே கீழே வைத்தார். அவருக்கு அரசாங்க ஆஸ்பத்திரி என்று வாயில் வராது. தர்மாஸ்பத்திரி என்றுதான் வரும்.

"ஏலே ஹரி, உனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? உன் பொண்டாட்டி ரத்தம் ரத்தமாக் கிடந்தப்ப ஒரு பைசா வாங்காமப் பிழைக்க வச்சது யாரு? அந்தக் கட்டடத்துப் பக்கம் பாத்துக் கையெடுத்துக் கும்பிடணும்லே!"

"கும்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றான் ஹரி. "அதுக்காக அவிய செஞ்ச தப்பைத் தப்புன்னு சொல்லக்கூடாதாக்கும்?"

"தர்மத்துக்குச் செய்யுத இடத்துல முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும்."

வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஆவுடை தலையைத் தூக்கினாள். மாமனாரிடம் அவள் எதிர்த்துப் பேசுகிறவள் அல்ல. ஆனால் பேசாமலும் இருப்பவள் அல்ல.

"தர்மம் எங்க இருக்கு மாமா? பீடி பத்த வைக்க வாங்குத தீப்பெட்டியில இருந்து வரி கட்டுதோம், வரி கட்டுதோம்னு நீங்கதான நாள் முழுக்கச் சொல்லுவீங்க. அந்த வரியிலதான ஆஸ்பத்திரி ஓடுது?"

செண்பகராஜுக்குத் தன் வார்த்தையே தன் மேல் வந்து விழுந்ததில் கொஞ்சம் தடுமாற்றம். "அது வேற, இது வேற" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ஏத்தா, தை மாசம் உனக்கு நோவு எடுத்தா அங்கனதான தூக்கிட்டு ஓடணும்? கேஸ் போட்டவ வந்திருக்கான்னு ஒருத்தரும் தொடாம விட்டுட்டா என்ன செய்வ?"

அதுதான் அவருடைய உண்மையான பயம். கிழவர் கத்துவதெல்லாம் மருமகள் மேலிருக்கும் பிரியத்தில்தான். அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆவுடைக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. ராத்திரி புரண்டு படுக்கும்போதெல்லாம் அதைத்தான் நினைக்கிறாள்.

"எனக்கு நஷ்டஈடு ஒண்ணும் வேண்டாம் மாமா. ஒரு ஜட்ஜையா நாலு பேரு கேக்க, 'இந்தப் பொம்பளை மேல தப்பில்லை'ன்னு ஒருவாட்டி சத்தமாச் சொன்னாப் போதும்."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். வெங்காயத்தினால் என்று மாமனார் நினைத்துக்கொள்ளட்டும் என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவர் அப்படி நினைக்கவில்லை. எழுந்து ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த நேரம் தீபலட்சுமி ஊசிமருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். ஹரி வாசலில் நிற்பதைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே ஒதுங்கிச் சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். அவனும் சட்டென்று திரும்பித் தொழுவத்துப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டான்.

இதை இங்கே சொல்லியாக வேண்டும். அந்தக் குடும்பத்தில் தம்பி பெண்டாட்டி, கணவனின் அண்ணனான மூத்தாரின் முகம் பார்த்துப் பேசுவதில்லை. ஏழு வருஷமாக ஒரே அடுப்பில் சாப்பிடுகிறார்கள். ஹரிக்குத் தீபாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் மகள் கிருஷ்ணப்ரியாவிடம் சொல்வான். அவள் பள்ளிக்கூடம் போயிருந்தால் ஆட்டுக்குட்டியிடம் சொல்வான்.

"ஏ குட்டி, மேகம் கூடிக்கிட்டு வருது. உங்க சித்தியக் குடை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு."

ஆட்டுக்குட்டி ஒன்றும் சொல்லவில்லை. தீபா குடையை எடுத்துக்கொண்டாள்.

இதை வெறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். மழை நாளில் அவள் மருந்துப் பெட்டியைக் கரிசல் சகதியில் சுமக்கக் கூடாது என்று அவனே பஸ் நிற்கும் பாலம் வரை தூக்கிக்கொண்டு போவான். பாலத்தின் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவான். அவனுக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை, தண்ணீரோடு திண்ணையில் இருக்கும், வைத்தவளைக் காணமுடியாது. அவர்களுடைய மரியாதை அப்படி.

அன்று தீபாவின் முகம் சரியில்லை. "அக்கா, கோவில்பட்டிக்கா போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாட்டி. வக்கீலைப் பாக்க."

தீபா எதையோ சொல்ல வாயெடுத்தாள். பஸ் ஹாரன் கேட்டது. ஓடிவிட்டாள்.

*

வக்கீல் மந்திரமூர்த்தியின் அலுவலகம் கடலைமிட்டாய் போடுகிற ஒரு கடைக்கு மாடியில். கீழே வெல்லப்பாகு கொதிக்கிற வாசம் ஆவுடைக்குக் குமட்டியது. வக்கீல் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அதிலேயே அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஹரி முழுவதையும் சொன்னான். மந்திரமூர்த்தி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அண்ணாச்சி, ஒண்ணை முதல்லயே சொல்லிடுதேன். காசு வாங்காம வைத்தியம் பாக்குற ஆஸ்பத்திரி மேல நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது. சிவில் கோர்ட்டுலதான் போடணும். அதுக்கும் முன்னால அரசாங்கத்துக்கு நோட்டீஸ் விட்டுட்டு ரெண்டு மாசம் காத்திருக்கணும். அப்புறம் வாய்தா. வருஷக்கணக்கா இழுக்கும்."

"இழுத்தா இழுக்கட்டும் சார்."

"போடலாமா வேண்டாமான்னு நீங்க என்னைக் கேட்டா..." வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அரசாங்கம்னு ஒரு ஆளு கூண்டுல வந்து நிக்காது. யாரோ ஒரு டாக்டர், யாரோ ஒரு நர்ஸ்தான் வந்து நிப்பாங்க. அவங்கதான் மூச்சு முட்ட வேலை பாக்குறவங்களாவும் இருப்பாங்க. அதனால கேஸ் போடாம விட்டாலோ, அடுத்த முகாமிலயும் இதே கூத்துதான் நடக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் நான் இருபது வருஷமாத் தொழில் பண்ணுதேன். அதை விடுங்க. முகாம்ல, ஆபரேஷன் முடிஞ்சு வெளிய வந்த ஆளுகளுக்கு விவரம் சொல்ல வேண்டியது யாரு?"

ஹரி மின்விசிறியைப் பார்த்தான்.

"டாக்டரா?"

"டாக்டர் உள்ளேயே இருந்தாரு. ஒருத்தர் மாத்தி ஒருத்தரா வந்துக்கிட்டே இருந்தோம்."

"அப்போ நர்ஸ். எந்த நர்ஸ்னு தெரியுமா?"

ஹரி மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தான். இப்போது ஆவுடைக்குப் பகீரென்றது. அந்த முகாமில் அவள் இல்லை. பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். யார் எந்த வேலையில் இருந்தார்கள் என்று அவள் இதுவரை கேட்கவேயில்லை. ஹரியும் சொன்னதில்லை.

"ஏங்க," என்றாள் மெதுவாக. "நம்ம தீபாவா?"

ஹரி ஆமென்று தலையை ஆட்டினான்.

"யாரு தீபா?" என்றார் வக்கீல்.

"என் தம்பி வீட்டுக்காரி சார். எல்லாருக்கும் அவதான் ஒவ்வொருத்தரா நிறுத்தி வச்சுச் சொல்லிக்கிட்டு இருந்தா. என் முறை வந்துச்சு. நான் அவ முகத்தை ஏறிட்டுப் பாக்க முடியுமா? வேப்பமரத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன். அவ சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னா. இந்த மாதிரி விஷயத்தை எங்கிட்ட எப்படிச் சொல்லுவா? மாத்திரைப் பொட்டலத்தை நாற்காலியில வச்சா. நான் எடுத்துக்கிட்டேன். பொறவு 'அடுத்த ஆள்'னு கூப்பிட்டுட்டா."

மந்திரமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. ஆவுடையின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

"சிரிக்கிற விஷயம் இல்லை, மன்னிச்சுக்கோங்க. தங்கச்சி, நான் சொல்லுதது நல்லாக் கேளுங்க. டெஸ்ட்ல ஒண்ணுமில்லைன்னு வந்திருக்கு. அது உங்களுக்கு எதிரா இருக்கு. உங்க பக்கம் இருக்குறது ஒரே ஒரு விஷயம்தான்: 'மூணு மாசம் ஜாக்கிரதையா இருக்கணும்னு நான் சொல்லலை'ன்னு அந்தப் பிள்ளை கோர்ட்டுல வந்து சொல்லணும். சொன்னா கேஸ் ஜெயிக்கும். அவங்க வேலைக்கு என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது. நிச்சயம் நல்லது ஆகாது."

"சொல்லலைன்னா?" என்றாள் ஆவுடை.

"'எல்லாருக்கும் சொன்ன மாதிரி இவருக்கும் சொன்னேன்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, வேலை தப்பிச்சிடும். மேல இருக்கவங்க அப்படித்தான் சொல்லச் சொல்லுவாங்க. ஆனா இப்போ கொம்பையாபுரத்துக்குள்ள இருக்குற பேச்சு கோர்ட்டு ரிக்கார்டுல ஏறிடும்."

வெள்ளிக்கிழமை வந்து வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொன்னார். யோசித்துவிட்டு வாருங்கள் என்றும் சொன்னார்.

*

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் ஆவுடை. பக்கத்தில் ஹரி, மழைச்சாரல் அவள் மேல் படாமல் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டு பக்கமும் விதைத்த காடு நனைந்து கறுத்துக் கிடந்தது. வேறு நாளாக இருந்தால் அவன் மழையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்திருப்பான்.

"ஏன் முந்தியே சொல்லல?" என்றாள்.

"சொன்னா நீ கேஸ் வேண்டாம்னு சொல்லிருவ."

"இப்பவும் வேண்டாம்னுதான் சொல்லுதேன்."

"உன் பேரு போகுதேட்டி."

"அவ பேரும் பேருதான?" ஆவுடை துண்டை விலக்கி அவன் முகத்தைப் பார்த்தாள். "எனக்கு அவ மேல கோவம் இல்லைன்னு நினைக்காதீங்க. எங்கிட்டயாவது வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? வீட்டுக்குப் போனதும் ரெண்டு அறை விடலாம்போலதான் இருக்கு. ஆனா அதை நான் விடலாம். கோர்ட்டு விடக் கூடாது."

ஹரி துண்டை மறுபடி விரித்துப் பிடித்தான். அவளை முதன்முதலில் கழுகுமலையில் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு பிடித்திருந்ததா என்று அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. அதைச் சொல்லத் தெரியாமல், "சேவு வாங்கியிருக்கேன், திங்கியா?" என்று கேட்டான்.

"குடுங்க" என்றாள் அவள். பசித்தது.

*

அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது இசக்கியம்மாள் செம்போடு உட்கார்ந்திருந்தாள். பால் வாங்க வந்தவள். பால் கறந்து வைத்து வெகு நேரம் ஆகியும் எழுந்து போகவில்லை. கெட்டவள் இல்லை இசக்கியம்மாள். ஊரில் யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் வந்து அடுப்பு மூட்டுகிறவள் அவள்தான். ஆனால் ஒரு சேதியைக் காதில் வாங்கினால் அது வாய் வழியாக வெளியே வந்தாக வேண்டும். அவள் உடம்பு வாகு அப்படி.

"வாத்தா ஆவுடை. கோவில்பட்டி போயிட்டு வாரியா?" என்று ஆரம்பித்தாள். "என்னமோ போன வாரம் டெஸ்ட்டு எடுத்தீங்களாமே? ஒண்ணுமே இல்லைன்னு வந்துட்டுதாமே? என் கொழுந்தன் மகன் அங்கனதான மருந்துக்கடையில நிக்கான், அவன் சொன்னான். நான் ஒண்ணும் கேக்கல. அதெப்படிம்மா, ஒண்ணுமே இல்லைன்னா வயித்துல..."

அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ஆவுடை நின்ற இடத்திலேயே நின்றாள். செண்பகராஜ் கையில் பிடித்திருந்த கயிற்றை விட்டுவிட்டார். கன்று அவிழ்ந்து தாயிடம் ஓடியதை யாரும் தடுக்கவில்லை. ஹரி துண்டை உதறித் தோளில் போட்டான். பெண்பிள்ளையை அடிக்க முடியாது. என்ன சொன்னால் இந்த அம்மாவுக்கு விளங்கும் என்றும் தெரியவில்லை.

அப்போது தீபலட்சுமி அடுக்களையிலிருந்து வந்தாள்.

நிலைப்படியில் அவள் ஒதுங்கவில்லை. சேலையை இழுத்து மூடவில்லை. முற்றத்தைக் கடந்து நேராக வந்து ஹரியின் எதிரில் நின்றாள். அவன் வழக்கம்போல முகத்தைத் திருப்பினான். அவள் அந்தப் பக்கமும் போய் நின்றாள்.

"பெரியத்தான்" என்றாள்.  "என்னைப் பாருங்க."

ஹரி பார்த்தான். வேறு வழியில்லை.

"உங்களுக்கு ஆபரேஷன் ஆயிருக்கு. ஆனா உடனே பலன் தெரியாது. உள்ள ஏற்கெனவே இருக்குற உயிரணு வெளியேற மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் நீங்க வீட்டுல சேரும்போது நிரோத் உறை போடணும். போடலைன்னா அக்கா உண்டாயிருவாவ. அது யார் தப்பும் இல்லை, உடம்போட இயல்பு. மூணு மாசம் கழிச்சு வந்து டெஸ்ட் எடுக்கணும். ஒண்ணுமில்லைன்னு வந்தாத்தான் ஆபரேஷன் முடிஞ்சதா அர்த்தம்."

மூச்சு வாங்கினாள். முகமெல்லாம் சிவந்து கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"இதை அன்னைக்கு எல்லாருக்கும் சொன்னேன். உங்களுக்கு மட்டும் சொல்லல. வெக்கம். டாக்டர் சொல்லியிருப்பாருன்னு நினைச்சேன். இல்லைன்னா அக்கா ஊருல இருந்து வந்ததும் சொல்லிருவோம்னு நினைச்சேன். அக்கா வரும்போது நான் போலியோ சொட்டு மருந்துக்குப் போயிட்டேன், பொறவு ட்ரெயினிங். வந்த பொறவும் உங்க விஷயத்தை நான் எப்படிப் பேசுததுன்னு நாக்கு எழும்பல. இவ்வளவுதான் பெரியத்தான். இதைச் சொல்ல எனக்கு ஐப்பசி வரைக்கும் ஆயிட்டு."

பிறகு இசக்கியம்மாள் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா மதினி? ஊருக்கே ஊசி போடுத நர்ஸ் சொல்லுதேன். எங்க அக்கா மேல ஒரு தப்பும் இல்லை. தப்பு என் மேலதான். ஊருல போயிச் சொல்லணும்னா இதையும் சேத்துச் சொல்லுங்க."

இசக்கியம்மாள் எழுந்தாள். செம்பை எடுக்க மறந்துவிட்டாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து ஆவுடையின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். "என் வாயில வசம்பை வச்சுத் தேய்க்க" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

செண்பகராஜுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தன் வீட்டு முற்றத்தில், தன் காது கேட்க, மருமகள் நிரோத் என்று சொல்லிவிட்டாள். அவர் நெடுநேரம் மாட்டின் கொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, சரி" என்றார் கடைசியில். "அதான் எல்லார் முன்னாலயும் சொல்லியாச்சே. நாளைக்கு ஊருக்கே தெரிஞ்சிரும். இனி கேஸ் எதுக்கு?"

"கேஸ் போடணும் மாமா" என்றாள் தீபா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"என் பேரைப் போட்டே கேஸ் போடுங்க அக்கா. அன்னைக்கு விடியக்காலையில இருந்து நான் ஒருத்திதான் வெளிய நின்னேன். மருந்து குடுக்க, பேரு எழுத, விவரம் சொல்ல, எல்லாம் நான். ஆம்பளைகளுக்கு விவரம் சொல்ல ஒரு ஆம்பளை ஆளைப் போடுங்கன்னு முந்தியே கேட்டேன். சிரிச்சாவ. மாசியில திரும்ப முகாம் வருது. அங்கனயும் ஒரு நர்ஸ் நிப்பா. அவளுக்கும் ஒரு மூத்தார் வந்து நிப்பாரு, இல்லைன்னா சின்ன மாமனார் வந்து நிப்பாரு. நாம கேட்டா எழுதி வாங்கிட்டுத் தூக்கி மூலையில போட்டுருவாவ. கோர்ட்டு கேட்டாத்தான் பதில் சொல்லுவாவ."

"உன் வேலை போயிரும்லட்டி!" ஆவுடை கத்திவிட்டாள்.

"போகட்டும்."

"போகட்டுமா? நீ ராத்திரி ராத்திரியா முழிச்சுப் படிச்சுப் பாஸ் பண்ணுன வேலை. காடு காடாச் சைக்கிள் மிதிச்சு எத்தனை பிள்ளைகளைப் பிழைக்க வச்சிருக்க. வாயைப் பாரு, போகட்டுமாம்!"

பஸ்ஸில் சொன்னபடியே ஆவுடை அவளை அடித்தாள். தோளில் இரண்டு அடி. மூன்றாவது அடிக்கு ஓங்கிய கை அப்படியே அவளைக் கட்டிக்கொண்டது. நடுவில் ஆறு மாத வயிறு இருந்ததால் சரியாகக் கட்டிக்கொள்ள முடியவில்லை. இரண்டு பேரும் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு அழுதார்கள்.

எனக்கு இந்த ஓரகத்திகள் இருவரையும் மிகவும் பிடிக்கும். ஒரு அடுப்பில் இரண்டு மருமகள் என்றால் சண்டையை மட்டும் எழுதச் சொல்லி எனக்கு வரும் கடிதங்களுக்கு இதுதான் பதில்.

"உன் பேரை எழுதுன தாளுல கையெழுத்துப் போட எனக்குக் கை வராதுட்டி" என்றாள் ஆவுடை.

"எழுதாம விட்டா அடுத்து இன்னொருத்திக்கு இப்படித்தான் ஆகும் அக்கா. உங்களுக்காவது பெரியத்தான் இருக்காவ. ஒரு கணம்கூட உங்களைச் சந்தேகப்படல. எல்லா வீட்டுலயும் அப்படியா இருப்பாங்க?"

 சந்தேகப்படுகிற வீடு ஒன்றில் இந்த வயிற்றோடு தான் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆவுடை நினைத்துப் பார்த்தாள். கிணறு இருக்கிற ஊர் அது.

"மாதவனுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

தீபா கீழே பார்த்தாள்.

"கட்டுன புருஷன்கிட்ட இன்னுமா சொல்லல?"

"எப்படி அக்கா சொல்லுவேன்? அவிய அண்ணன்னா அவியளுக்கு உசிரு. அவிய மதினிக்கு இந்தப் பேரு வந்ததுக்கு நான்தான் காரணம்னு..."

வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. மாதவன். தலைமுடியில் மில் பஞ்சு ஒட்டியிருந்தது. இந்த நேரத்தில் வந்தால் அப்பாவிடம் ஏதாவது குறும்பு பேசிக்கொண்டேதான் வருவான். இன்றைக்குப் பேசவில்லை.

"வழியில இசக்கியம்மா மதினியப் பாத்தேன்" என்றான். யாரையும் பார்க்காமல் சொன்னான். "எங்க அண்ணன் மூஞ்சிக்கு நேரா நின்னு, எங்க அப்பா முன்னால, என் பொண்டாட்டி என்னல்லாமோ பேசுனாளாமே. தப்பு பூராம் தன் மேலதான்னு சொன்னாளாமே. நிசமா?"

தீபா ஆவுடையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். செண்பகராஜ் "ஏலே, முதல்ல கை காலைக் கழுவு" என்றார். மாதவன் அசையவில்லை.

"உன்னைத்தான் கேக்கேன் தீபா. நிசமா? எங்க மதினி இத்தனை மாசமா அழுதுக்கிட்டு இருந்தது உன்னாலயா? இது தெரிஞ்சுக்கிட்டேதான் என் பக்கத்துல படுத்து உறங்குனியா?"

  மாதவன் ஒரு அடி முன்னே வைத்தான்.

ஹரிகிருஷ்ணன் எழுந்து தம்பிக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றான். பிறகு மெதுவாகத் திரும்பி, ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, தம்பி பெண்டாட்டியின் முகத்தைத் தானாகவே பார்த்தான்.

"தீபா" என்றான். "பயப்படாதம்மா. நீ உள்ள போ. இவன்கிட்ட நான் பேசிக்கிடுதேன்."

அவள் உள்ளே போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆவுடையின் பக்கத்திலேயே நின்றாள்.